கைவெட்டு முதல் கையொப்பம் வரை

மருத்துவர் கையிலே கத்தி இருக்கிறது. கொலைகாரன் கையிலும் கத்தி இருக்கிறது. இருவரும் உடலைக் கீறுகின்றனர். இருவர் கையிலும் குருதி படிகிறது. ஒருவனைச் சட்டம் சிறைக்கு அனுப்புகிறது. மற்றவரை நாடு கைகூப்பித் தொழுகிறது. வேறுபாடு எங்கே இருக்கிறது? கத்தியின் கூர்மையிலா? இல்லை. கற்ற கல்வியிலா? அதுவும் முழு உண்மையன்று. கீறப்படுகிறவன் அறிந்து ஒப்பினானா, கீறியவர் உரிய கவனத்தோடு கீறினாரா என்னும் இரண்டு கேள்விகளுக்குக் கிடைக்கும் விடையிலேதான் அந்த வேறுபாடு அடங்கிக் கிடக்கிறது.

எளிய கேள்விகள்தாம். ஆனால் இவற்றை நேர்படக் கேட்பதற்கு மனித இனம் ஏறத்தாழ 3,700 ஆண்டுகள் நடக்க வேண்டியிருந்தது. அந்த நடையின் வரலாற்றை நம் இளைய மருத்துவர்கள் அறிந்திருக்க வேண்டும். அவர்களிடம் உடலை ஒப்படைக்கும் நாமும் அறிந்திருக்க வேண்டும். நாம் பள்ளியிலே பாடம் சொல்லுகிறவர்கள். நம் வகுப்புப் பலகையில் அமர்ந்திருந்த பிள்ளை நாளை வெள்ளை அங்கி அணிந்து நம் தாயின் நாடியைப் பிடிக்கப் போகிறான். அவனுக்கு எலும்புகள் 206 என்பது தெரிகிறது. அந்த எலும்புக்கு உரியவனுக்கு உள்ள உரிமைகள் எத்தனை என்பதும் தெரிகிறதா? இதுவே நம் கேள்வி.

கல்லிலே பொறித்த சட்டம் ஒன்று உண்டு. பாபிலோனை ஆண்ட அமுராபி மன்னன் கி.மு. 18-ஆம் நூற்றாண்டிலே வெட்டுவித்தது. சூசா நகரின் இடிபாடுகளிடையே பிரெஞ்சு அகழ்வாளர் 1901-02-இல் அதனைக் கண்டெடுத்தனர். பாரிஸ் லூவர் காட்சிச்சாலையில் இன்று அது நிற்கிறது. வெண்கலக் கத்தியால் அறுத்து உயர்குடியானின் உயிரைக் காத்த மருத்துவனுக்கு 10 செக்கல் வெள்ளி கூலி. எளிய குடியானைக் காத்தால் 5. அடிமையைக் காத்தால் 2. அறுவையிலே உயர்குடியான் இறந்தாலோ, அவன் கண் பழுதுபட்டாலோ, மருத்துவனின் கையை வெட்டிவிட வேண்டும். அடிமை இறந்தால்? அடிமைக்கு அடிமை கொடுத்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது!

சட்டம் பிறந்துவிட்டது, நீதி பிறக்கவில்லை. மருத்துவன் கவனமாக அறுத்தானா என்று அந்தக் கல் கேட்கவில்லை. யாரை அறுத்தான் என்றுதான் கேட்டது. நோய் என்னவோ எல்லாரையும் ஒன்றுபோலத்தான் பற்றியது. தண்டனையோ குலம் பார்த்து வந்தது.

பாபிலோன் தொலைவிலே இருக்கிறது என்று நாம் பெருமூச்சு விடுவதற்கில்லை. இங்கே மனு தவறாக மருந்தளித்த வைத்தியனுக்குத் தண்டம் வகுத்தான். விலங்குக்குக் கேடு செய்தால் கடைத்தரத் தண்டம்; மனிதனுக்குக் கேடு செய்தால் நடுத்தரத் தண்டம். யாக்ஞவல்கியர் இன்னும் ஒரு படி ஏறினார்: அரசனைச் சார்ந்தவருக்குக் கேடு செய்தால் மட்டும் தலைத்தரத் தண்டம் என்றார். உழவன் உயிர் நடுத்தரம். அரண்மனையான் உயிர் முதல்தரம்! அதே மனுவின் நூல், மருத்துவன் அளிக்கும் சோறு சீழுக்கு ஒப்பு என்று இழித்துரைத்தது. சிராத்தத்துக்கு அழைக்கலாகாதவர் வரிசையிலே அவனையும் வைத்தது. உயிர் காக்கும் தொழிலைத் தீட்டு என்று ஒதுக்கிய சமுதாயத்தில், அந்தத் தொழிலுக்கு நேர்மையான பொறுப்பு வகுக்கும் எண்ணம் எப்படித் தோன்றும்?

வள்ளுவர் வேறு கண்ணோடு பார்த்தார். மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளிலே மருத்துவத்தை அவர் நான்கு கூறாகப் பகுத்தார். நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து பேணுபவன் என்பன அவை. அந்த வரிசையில் முதலிடம் யாருக்கு? மருத்துவனுக்கன்று, நோயாளிக்கு. குலமும் கேட்கவில்லை, பொருளும் கேட்கவில்லை. நோயாளியை முதலில் நிறுத்திய அந்த வரிசையை உலகத்து நீதிமன்றங்கள் வந்து எட்டுவதற்கு நெடுங்காலம் ஆயிற்று.

இங்கிலாந்தில் 1767-ஆம் ஆண்டு ஒரு வழக்கு நடந்தது. கால் முறிந்து, எலும்பு கூடிவரும் நிலையில் இருந்த ஒருவன், கட்டைப் பிரிக்கச் சொல்லி இரு மருத்துவர்களை அழைத்தான். அவர்களுள் ஒருவர் இலண்டனில் பெயர் பெற்ற மருத்துவமனையின் தலைமை அறுவையாளர். வந்தவர்கள் கட்டைப் பிரித்ததோடு நிற்கவில்லை. கூடிய எலும்பை மீண்டும் உடைத்து, தாம் சோதித்துப் பார்க்க விரும்பிய இரும்புக் கருவி ஒன்றை அவன் காலிலே மாட்டினர். அவன் வேண்டாம் என்று கதறினான், கேட்பாரில்லை. வழக்கின் முடிவில் அவனுக்கு 500 பவுன் இழப்பீடு கிடைத்தது. நோயாளியின் இசைவைக் கேட்பது அறுவையாளர்களின் வழக்கம். அவ்வழக்கத்தை மீறியது குற்றம் என்றது நீதிமன்றம். கவனியுங்கள்: நோயாளிக்கு உரிமை உண்டு என்று அன்று சொல்லப்படவில்லை, மருத்துவர்களுக்கு அப்படி ஒரு வழக்கம் உண்டு என்றுதான் சொல்லப்பட்டது. ஆயினும் கதவு சற்றே திறந்தது.

நம் மண்ணுக்கு வருவோம். சென்னையில் மருத்துவப் பள்ளி 1835-இல் தொடங்கியது. பின்னர் அதுவே மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. 1860-இன் இந்தியத் தண்டனைச் சட்டம், நன்மை கருதி, இசைவு பெற்று, நல்லெண்ணத்தோடு செய்யும் மருத்துவம் குற்றமாகாது என்று 88-ஆம் பிரிவிலே கூறிற்று. இசைவு கேட்கவும் இயலாத நெருக்கடியில் நல்லெண்ணத்தோடு உயிர் காக்க முயல்வதும் குற்றமாகாது என்று 92-ஆம் பிரிவு கூறிற்று. 1914-இல் வந்த சென்னை மருத்துவப் பதிவுச் சட்டம், யார் மருத்துவர் என்பதற்குப் பதிவேடு வைத்தது. ஆனால் கல்லூரியில் மாணவர் கற்ற சட்டம் எது? சட்டமுறை மருத்துவம் என்ற பெயரால் அவர்கள் கற்றது பெரும்பாலும் பிணத்தைப் பற்றியது. நஞ்சு எது, காயம் எப்படி நேர்ந்தது, இறந்து எத்தனை மணி நேரம் ஆயிற்று, சாட்சிக் கூண்டிலே எப்படி நிற்பது என்பவையே பாடமாயின. காவல் துறைக்கும் நீதிமன்றத்துக்கும் வேண்டிய பாடம் அது, வேண்டாம் என்பாரில்லை. ஆனால் இறந்தவன் உடல் முன்னே சட்டம் கற்ற மாணவன், உயிரோடு எதிரே அமர்ந்திருப்பவன் முன்னே சட்டமின்றி நின்றான்.

படித்த மருத்துவனின் அறிவு மட்டும் மனிதனைக் காக்கும் என்று நம்பியவர்களுக்கு 1946-இல் பேரிடி விழுந்தது. நியூரம்பர்க் நகரில் 23 பேர் குற்றவாளிக் கூண்டில் நின்றனர். அவர்களுள் 20 பேர் மருத்துவர்கள். பனிநீரில் அமிழ்த்தியும், நோய்க்கிருமியை ஏற்றியும், சிறைமுகாம்களிலே மனிதரைச் சோதனைப் பொருளாக்கியவர்கள். கல்லாத மூடர்கள் அல்லர். பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர்கள்! 1947 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது; ஏழு பேருக்குத் தூக்கு. அத்தீர்ப்போடு பத்து விதிகள் பிறந்தன. சோதனைக்கு உட்படுபவனின் தன்னுரிமையான இசைவு இன்றியமையாதது என்பதே முதல் விதி. அறிவு இருந்தால் போதாது, அதன்மேல் அறமும் சட்டமும் காவல் நிற்க வேண்டும் என்று உலகம் குருதி கொட்டிக் கற்ற பாடம் அது.

ஆயினும் மருத்துவர் பக்கமே துலாக்கோல் சாய்ந்திருந்தது. இங்கிலாந்தில் 1954-இல் மனநோயாளி ஒருவருக்கு மின்னதிர்ச்சி மருத்துவம் செய்தனர். தசை தளர்த்தும் மருந்து தரவில்லை. ஆபத்து உண்டு என்று சொல்லவும் இல்லை. துடித்த துடிப்பில் இடுப்பெலும்பு முறிந்தது. 1957-இல் தீர்ப்பு. பொறுப்புள்ள மருத்துவர் குழு ஒன்று சரியென ஏற்கும் முறைப்படி நடந்திருந்தால் அது கவனக்குறைவு ஆகாது என்றார் நீதிபதி. நோயாளி தோற்றார். போலம் அளவுகோல் என்று அவர் பெயராலேயே அவ்விதி வழங்குகிறது. இந்திய நீதிமன்றங்களும் அதைக் கையில் எடுத்தன. மருத்துவரை அளக்கும் கோலை மருத்துவர் கையிலேயே கொடுத்தது போன்ற ஏற்பாடுதான். ஆனால் மாறுபட்ட இரு மருத்துவ முறைகளுள் ஒன்றைத் தேர்ந்த குற்றத்துக்காக நல்ல மருத்துவர் தண்டனை பெறாமல் அது காத்தது என்பதையும் மறுப்பதற்கில்லை.

இனி, நம் இளைய மருத்துவர் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்ய வேண்டிய வழக்குக்கு வருவோம். 1953 மே 6. இரத்தினகிரி மாவட்டத்தின் பால்ஷேத் கடற்கரையிலே இருபது வயது இளைஞன் விழுந்து தொடை எலும்பு முறிந்தது. உள்ளூர் மருத்துவர் மரப்பலகை வைத்துக் கட்டினார். பிறகு டாக்சியிலே கிடத்தி 200 மைல் பயணம். மே 9 முற்பகல் புனா வந்து சேர்ந்தனர். அவன் தந்தையும் மருத்துவர். அங்கே அறுவையாளர், ஒரு மார்பியா ஊசியோடு, முழு மயக்கம் கொடுக்காமலே, ஆட்களை வைத்து வலிந்து காலை இழுத்து எலும்பைச் சேர்த்து மாவுக்கட்டுப் போட்டார். அன்றிரவு 9 மணிக்கு இளைஞன் இறந்தான். தந்தை வழக்குத் தொடுத்தார். கீழ் நீதிமன்றம் 3,000 ரூபாய் இழப்பீடு விதித்தது. உயர்நீதி மன்றமும் அதை உறுதி செய்தது. வழக்கு உச்சநீதி மன்றத்தில் முடிய 1968 ஆயிற்று. மகனை இழந்த பதினைந்தாம் ஆண்டு!

அந்தத் தீர்ப்பு மருத்துவரின் கடமையை மூன்றாக வகுத்தது. இந்த நோயாளியை ஏற்கலாமா என்று முடிவு செய்வதிலே கவனம். என்ன மருத்துவம் செய்வது என்று முடிவு செய்வதிலே கவனம். முடிவு செய்ததைச் செய்து முடிப்பதிலே கவனம். குணப்படுத்தியே தீர வேண்டும் என்று சட்டம் கட்டளையிடவில்லை. மரணத்தை வெல்ல எந்த மருத்துவனாலும் முடியாது என்பது நீதிபதிக்கும் தெரியும். நியாயமான திறமை, நியாயமான கவனம், இவ்வளவே கேட்கப்பட்டது. இதைக்கூடத் தரமுடியாது என்று எந்த நேர்மையான மருத்துவர் சொல்லுவார்?

இளைய மருத்துவர்களைப் பற்றி நிற்கும் தவறான எண்ணங்கள் மூன்று உண்டு. ஒவ்வொன்றுக்கும் வரலாறு விடை வைத்திருக்கிறது.

முதலாவது, 'இது போலீஸ் கேஸ். தொடக்கூடாது' என்னும் அச்சம். மோட்டார் மோதிக் கிடந்த ஒருவனை அருகிலிருந்த மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றனர். இத்தகைய வழக்குகளை ஏற்கும் அதிகாரம் எங்களுக்கில்லை, 20 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள மருத்துவமனைக்குப் போங்கள் என்றனர். போகும் வழியிலே அவன் உயிர் போயிற்று. பத்திரிகையில் வந்த இச்செய்தியை எடுத்துக்கொண்டு பரமானந்த் கட்டாரா என்பவர் உச்சநீதி மன்றம் சென்றார். 1989-இல் தீர்ப்பு: அரசு மருத்துவராயினும் தனியார் மருத்துவராயினும் உயிரைக் காப்பதே முதற்கடமை, போலீசும் தாளும் பின்னர், குறுக்கே நிற்கும் எந்த விதியும் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவுக்கு முன்னே நிற்காது. சட்டத்துக்கு அஞ்சி நோயாளியைத் திருப்பி அனுப்புகிறவர் உண்மையிலே அந்தச் சட்டத்தைத்தான் மீறுகிறார்!

இரண்டாவது, 'சட்டம் என்றாலே சிறை' என்னும் கலக்கம். 1995-இல் லூதியானா நகர மருத்துவமனை ஒன்றிலே மூச்சுத் திணறிய முதியவருக்குக் கொண்டுவந்த ஆக்சிஜன் உருளை காலியாக இருந்தது, அவர் இறந்தார். மருத்துவர்கள்மேல் குற்ற வழக்கு வந்தது. ஜேக்கப் மேத்யூ வழக்கு எனப்படும் அவ்வழக்கில் 2005-இல் உச்சநீதி மன்றம் கோடு கிழித்தது. இழப்பீட்டுக்குப் போதுமான கவனக்குறைவு வேறு. தண்டனைக்குரிய பெருங்கவனக்குறைவு வேறு. தகுதியுள்ள மற்றொரு மருத்துவரின் நடுநிலைக் கருத்தைப் பெறாமல் காவல்துறை குற்ற நடவடிக்கையில் இறங்கலாகாது. வழக்கமான முறையில் கைது செய்தலும் கூடாது என்றது. மருத்துவர்கள்மேலிருந்த குற்ற வழக்கு தள்ளுபடியாயிற்று; ஆனால் ஆக்சிஜன் இல்லாமைக்கு மருத்துவமனை உரிமையியல் முறையில் பொறுப்பேற்க நேரலாம் என்பதையும் மன்றம் சுட்டியது. 2024 சூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவும், மரணம் விளைவித்த கவனக்குறைவுக்குப் பிறருக்கு ஐந்தாண்டு வரை சிறை என்னும்போது, மருத்துவம் செய்கையில் நேர்ந்தால் பதிவு பெற்ற மருத்துவருக்கு ஈராண்டு வரை என்று வேறுபடுத்துகிறது. வழிதவறாத மருத்துவருக்குச் சட்டம் பகையன்று என்பதற்கு இவை சான்று.

மூன்றாவது எண்ணமே மிகக் கொடியது: 'கையெழுத்து வாங்கியாயிற்று; இனிக் கவலையில்லை' என்னும் துணிவு. டில்லியிலே 1995-இல் 44 வயதுப் பெண் ஒருவர், வயிற்றுள் கருவி செலுத்திச் சோதிக்க ஒப்பிக் கையொப்பமிட்டார். மயக்கத்தில் கிடந்தபோது, வெளியே நின்ற அவருடைய தாயிடம் ஒப்புதல் பெற்று, கருப்பையையும் சூலகங்களையும் அகற்றிவிட்டனர். கண் விழித்தபோதுதான் தாம் இழந்தது இன்னதென அவர் அறிந்தார். 2008-இல் உச்சநீதி மன்றம் கூறியது: வயது வந்த, தெளிந்த அறிவுள்ள பெண்ணின் உடலுக்கு அவளே உரியவள், அவள் சார்பில் தாயும் ஒப்பமுடியாது. உயிருக்கு உடனடி ஆபத்தில்லாதபோது, சோதனைக்குத் தந்த ஒப்புதல் அறுவைக்குத் தந்த ஒப்புதலாகாது. நோய் என்ன, செய்யப்போவது என்ன, பயன் என்ன, மாற்று வழி உண்டா, பெரிய ஆபத்துகள் எவை, மறுத்தால் விளைவது என்ன என்பவற்றைச் சொல்லிப் பெறுவதே ஒப்புதல். மருத்துவர் பெற இருந்த கட்டணம் மறுக்கப்பட்டது. அதற்குமேல் 25,000 ரூபாய் இழப்பீடும் விதிக்கப்பட்டது.

தொகை சிறிது, உண்மை பெரிது. பெண்ணின் உடலைத் தந்தைக்கும் கணவனுக்கும் மகனுக்கும் மாறி மாறி உடைமையாக்கிப் பழகிய நாட்டிலே, அவள் உடலுக்கு அவள் கையொப்பமே செல்லும் என்று சொல்லப்பட்ட நாள் அது. இன்றும் 'வீட்டுக்காரர் வரட்டும், கையெழுத்துப் போடட்டும்' என்று மனைவியைக் காக்க வைக்கும் வழக்கத்தைக் காணும்போதெல்லாம் இத்தீர்ப்பை நாம் நினைவூட்ட வேண்டும்.

நுகர்வோர் சட்டமும் இடையிலே வந்தது. 1986-இன் அச்சட்டம் மருத்துவத்துக்கும் பொருந்தும் என்று, இந்திய மருத்துவ சங்கம் வழக்காடிய வழக்கிலே 1995 நவம்பரில் தீர்ப்பாயிற்று. சிலரிடம் கட்டணம் பெற்றுச் சிலருக்கு இலவசமாகச் செய்யும் மருத்துவமனையில், இலவச நோயாளிக்கும் வழக்குரிமை உண்டு என்றது அது. அடிமையின் உயிர் 2 செக்கல், சீமானின் உயிர் 10 செக்கல் என்ற அமுராபியின் கல் அன்று இந்தியாவிலே உடைந்தது எனலாம். எல்லாருக்கும் முழு இலவசமாக நடக்கும் மருத்துவமனை மட்டும் அச்சட்டத்துக்குப் புறம்பாயிற்று. அங்கும் கவனக்குறைவுக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் கதவு அடைபடவில்லை.

அடுத்த ஆண்டே, 1996-இல், ஹோமியோபதி படித்த ஒருவர் ஆங்கில மருந்து கொடுத்து நோயாளி இறந்த வழக்கில், தாம் கற்காத முறையில் மருத்துவம் செய்வதே கவனக்குறைவுதான் என்று உச்சநீதி மன்றம் கூறி, 3 லட்ச ரூபாய் இழப்பீடு விதித்தது. அரைகுறை வைத்தியத்தை எதிர்த்துப் பேசும் நம் தோழர்கள் கையில் இருக்க வேண்டிய ஆயுதம் இத்தீர்ப்பு.

இங்கிலாந்தோ தன் பழைய கோலையே மாற்றிக்கொண்டது. நீரிழிவு உள்ள, சிறிய உடல்வாகு கொண்ட கருவுற்ற பெண்ணுக்கு, பேறுகாலத்தில் குழந்தையின் தோள் சிக்கும் ஆபத்து நூற்றுக்கு 9 அல்லது 10 உண்டு என்று மருத்துவர் சொல்லவில்லை. 1999-இல் பிறந்த குழந்தை மூளை பாதிக்கப்பட்டது. 2015-இல் அந்நாட்டு உச்சநீதி மன்றம், எதைச் சொல்லவேண்டும் என்பதை மருத்துவர் குழு முடிவு செய்யலாகாது. அந்த நிலையிலுள்ள நோயாளி எதை அறிய விரும்புவார் என்பதே அளவுகோல் என்றது. வரிசையில் நோயாளி முதலிடம் பெற்றுவிட்டார். வள்ளுவர் வைத்த இடம்!

இளைய மருத்துவத் தோழர்களே! கையொப்பத் தாள் உங்களுக்குக் கேடயம் அன்று. நீங்கள் பேசிய பேச்சுக்கு அது சான்று மட்டுமே. பேசாமல் பெற்ற கையொப்பம் வெறும் மை. நள்ளிரவில், முப்பது பேர் காத்திருக்க, தூக்கமின்றி நிற்கும் உங்கள் நிலையை நாம் அறியாமல் இல்லை. ஆனால் அந்த நேரத்திலும், நோயாளிக்குத் தெரிந்த தமிழிலே ஐந்து நிமிடம் விளக்குவது மருத்துவத்தின் ஒரு பகுதியே. செய்ததைச் செய்த நேரத்தோடு எழுதுங்கள். உள்நோயாளியின் குறிப்புகளை மூன்றாண்டு காக்கவும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவும் 2002-இன் ஒழுக்க விதிகள் கூறுகின்றன. பின்னாளில் திருத்தி எழுதிய குறிப்பு உங்களைக் காக்காது. நேர்மையாக எழுதிய தவறு காக்கக்கூடும். 2019 முதல் மருத்துவப் பாடத்திட்டத்தில் மனப்பாங்கு, அறநெறி, உரையாடல் ஆகியவை தனிப் பாடமாகச் சேர்ந்துள்ளன. நல்ல தொடக்கம். தேர்வுக்குப் படித்து மறக்கும் பாடமாக அதை ஆக்கிவிடாதீர்கள்.

பொதுமக்களாகிய நமக்கும் கடமை உண்டு. மரணம் நேர்ந்தவுடன் கல்லெடுத்து மருத்துவமனைக் கண்ணாடியை உடைப்பது அமுராபி காலத்துக் கைவெட்டின் மறுபிறப்பு. 2008-இல் தமிழ்நாட்டிலே மருத்துவப் பணியாளரைக் காக்கத் தனிச் சட்டமே இயற்ற வேண்டி வந்தது நமக்குப் பெருமையன்று. அதே வேளையில், 'டாக்டர் சொன்னால் சாமி சொன்ன மாதிரி' என்று கைகட்டி நிற்பதும் பகுத்தறிவன்று. சாமியைக் கேள்வி கேட்கத் துணிந்த நாம், சீட்டு எழுதுபவரைக் கேட்கக் கூசுவானேன்? என்ன நோய், என்ன மருந்து, வேறு வழி உண்டா? மரியாதையோடு கேட்போம், விடை வரும்வரை கேட்போம்.

கையை வெட்டிய சட்டம் மருத்துவனை அச்சுறுத்தியது, நோயாளியைக் காக்கவில்லை. அறிந்து இடும் கையொப்பமோ இருவரையும் சமமாக அமர்த்துகிறது. எழுதப் படிக்கத் தெரியாத கிழவி ஒருத்தி கைந்நாட்டு வைக்கும் முன்னே, 'எனக்கு என்ன செய்யப் போறே, தம்பி?' என்று கேட்கவும், இளைய மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து அவளுக்கு விடை சொல்லவும் வேண்டும். அதுவே இத்தனை தீர்ப்புகளும் வேண்டுவது.